கல்லும் புனலும்

கண்டி மாநகரைத் தங்குமிடமாகக் கொண்டு, பழைய மாணவராகிய நாம் வழிகாட்டி ஒருவருடன் ஏழு நாட் பயணம் மேற்கொண்டோம். காலையிற் பழஞ்சின்னங்களைக் காண்பதும், மாலையில் நீந்தி மகிழ்வதும் ஏற்பாடு.

முதலிற் கண்டது கடலாதெனிய விகாரை. 1344-ஆம் ஆண்டில் எழுந்த இக்கற்கோயில், தென்னாட்டு மரபில் வந்த சிற்பி கணேசுவராசாரியின் கைவண்ணம். அன்று மாலை மகாவலியில் இறங்க விழைந்தபோது, ஊரார் குளிக்குந் துறையிலன்றி இறங்கலாகாதென வழிகாட்டி தடுத்தார். மேலே அமைதி காட்டும் ஆறு அடியிற் சுழித்தோடுமாம். நம்முள் நீந்த வல்லோரும் அச்சொல்லுக்கு இணங்கினர்.

மாத்தளைக்கு வடக்கேயுள்ள நாலந்தா கெடிகே நம் உள்ளத்தை உருக்கிற்று. பல்லவர் பாணியில் அமைந்த பௌத்த ஆலயம் அது. போவத்தன்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்த அதனைக் கல் கல்லாகப் பிரித்து, மேட்டில் மீண்டும் எழுப்பினர். அப்பணி 1980-ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது.

பின்னர்ப் பொலநறுவை சென்றோம். சோழர் எடுத்த வானவன்மாதேவி ஈச்சரமும், முதலை வாய்வழியே நீர் வீழ அமைத்த குமார பொக்குணவும் அங்கு ஒரே நகரில் உள்ளன. பராக்கிரமபாகு (1153–1186) பெருக்கிய சமுத்திரம் இன்றும் வயல்களுக்கு நீர் ஊட்டுகின்றது. அந்நீர் உழவன் எம்மொழியினன் என வினவுவதில்லை.

1983-ஆம் ஆண்டின் துயரை இத்தீவு மறக்கவில்லை. ஆயினும், சிங்கள மன்னனுக்குத் தென்னாட்டுச் சிற்பி கோயில் சமைத்ததும், பல்லவர் பாணிக் கோயிலை வெள்ளத்தினின்று இந்நாடு மீட்டதும் உண்மையே. இளைய மாணவரே, இவ்வழியே ஒருமுறை சென்று வருக. ஆக்கிய கை ஒன்று, காத்த கை மற்றொன்று என்பதைக் கண்ணாற் காண்பீர்.