அப்பா கட்டிய ஒட்டு

வாரத்தில் ஒரு நாள் எங்கள் வானொலியில் வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசுவோம். கத்தரியில் தொடங்கினாலும் கறிவேப்பிலையில் தொடங்கினாலும், ஒரு நேயராவது அழைத்துக் கேட்டுவிடுவார்: "நம்ம நாட்டுல ஆப்பிள் வருமா? நல்லாப் பெருசாக் காய்க்குமா?" சந்தையில் வாங்கிய பழத்தின் விதையை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்து முளைக்க வைத்தவர்களும் அவர்களில் உண்டு.

அவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். ஆப்பிள் மரத்துக்கு வருடம் ஒரு முறை தூக்கம் வேண்டும். பெரும்பாலான வகைகளுக்குக் குளிர்காலத்தில் 7 பாகைக்கும் குறைவான குளிர் பல நூறு மணி நேரமாவது கிடைக்க வேண்டும். அப்போதுதான் மொட்டு ஒழுங்காக விழிக்கும். 'அன்னா', 'டோர்செட் கோல்டன்' போன்ற சில வகைகளுக்குக் குறைந்த குளிர் போதும். கிழக்கு ஜாவாவில் மாலாங் அருகே மலைப்பகுதியில் ஆப்பிள் விளைகிறது. அங்கே குளிர்காலம் இல்லாததால், மரத்தின் இலைகளைக் கையால் உருவி விட்டுத்தான் அதைப் பூக்க வைக்கிறார்கள். ஆனால் கிள்ளானிலும் ஜொகூர் பாருவிலும் வீட்டு வாசலில் நட்டுவிட்டுப் பெரிய பழத்துக்குக் காத்திருப்பது வீண்.

பெரிய பழம் காய்க்கும் ஓர் ஆப்பிள் மரத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இங்கிலாந்தில், நாட்டிங்ஹாமில், என் அக்கா வீட்டுப் பின்புறம் நிற்கிறது அது. அந்த மரத்தை உண்டாக்கியவர் பேராவில் ரப்பருக்கு ஒட்டுக் கட்டிய எங்கள் அப்பா.

அப்பாவுக்குத் தோட்டத்தில் நாற்று மேடையில் வேலை. மற்றவர்கள் விடியற்காலையில் பால் வெட்டப் போகும்போது, அப்பா சிறு கத்தியும் கந்தைத் துணியுமாகக் கன்றுகளுக்கு நடுவில் குனிந்திருப்பார். விதையில் முளைத்த ரப்பர் கன்றின் பட்டையைச் சன்னல் மாதிரி கீறி, கசியும் பாலைத் துடைத்து, நல்ல மரத்திலிருந்து எடுத்த ஒரு கண்ணை உள்ளே வைத்துக் கட்டுவார். மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்துப் பார்த்தால், பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். "நூறு கட்டினா தொண்ணூறு பிடிக்கும்" என்பது அப்பாவின் ஒரே பெருமை.

லயத்து வீட்டின் பின்னால் அவர் வளர்த்தவை ஒரு மா, இரண்டு ஜம்பு, ஒரு முருங்கை. 1996இல் தோட்டம் கைமாறியது. வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். எனக்கு எட்டு வயது. லோரியில் சாமான் ஏற்றிக்கொண்டு நாங்கள் புறப்பட்டபோது ஜம்பு மரம் முழுக்கக் காய். பட்டணத்தில் மூன்றாவது மாடி வீடு கிடைத்தது. அதற்குப் பிறகு அப்பா எதையும் நட்டதில்லை. அம்மா வராந்தாவில் துளசி வைத்தால் தண்ணீர் ஊற்றுவார், அவ்வளவுதான். "நட்டா விட்டுட்டுப் போகணும்" என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

அக்கா தாதியர் படிப்பு முடித்து 2008இல் இங்கிலாந்து போனார். மூன்று வருடத்தில் திரும்பி வருவதாகப் பேச்சு. 2019 ஆகஸ்டில் நாங்கள் மூவரும் முதன்முறையாக அங்கே போனபோது, பதினோரு வருடம் ஓடியிருந்தது. அக்காவுக்கு நான்கு வயதில் ஒரு மகள். சொந்த வீடு. வீட்டின் பின்னால் புல்வெளி. அதன் ஓரத்தில், விரல் தடிமனில் இரண்டு கன்றுகள், இலையோடு நின்றன.

"இது என்னம்மா?" என்றார் அப்பா.

"ஆப்பிள். ஆனா வெறும் அடிக்கன்றுதான்ப்பா. நல்ல ஒட்டு இன்னும் கட்டல. நீங்கதான் கட்டணும்."

நாற்றுக் கடைக்குப் போனால் ஒட்டுக் கட்டிய கன்றே கிடைக்கும். அக்கா வேண்டுமென்றே வெறும் கன்றுகளை வாங்கி பிப்ரவரியில் நட்டு வைத்திருக்கிறார். அது அப்பாவுக்கும் புரிந்தது. ஒன்றும் சொல்லாமல் குனிந்து தண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

ஆப்பிளில் ஒரு வகையைக் காப்பாற்ற ஒட்டுக் கட்டுவதுதான் வழி. விதை போட்டால் தாய்மரத்தின் பழம் வராது. ஒவ்வொரு விதையும் புது மரம். பழம் எப்படி இருக்கும் என்பதை மேலே கட்டும் கண் முடிவு செய்கிறது. மரம் எவ்வளவு உயரம் போகும், எத்தனை வருடத்தில் காய்க்கும் என்பதில் அடிக்கன்றுக்குப் பெரும் பங்கு. கெண்ட் வட்டாரத்தில் உள்ள ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையத்தில் தேர்ந்தெடுத்த அடிக்கன்றுகளுக்குப் பெயருக்குப் பதில் எண்தான். எம் 9 என்றால் குட்டை, எம் 26 அதைவிடச் சற்று உயரம், எம்.எம். 106 நடுத்தரம். அக்கா வாங்கியது எம் 26. அதைக் கேட்டதும் அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. சுங்கை பூலோவில் இருந்த ரப்பர் ஆய்வுக் கழகத்தின் 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' கண்ணை ஆயிரக்கணக்கில் கட்டியவர் அவர். "இவங்களும் மரத்துக்கு நம்பர்தான் வச்சிருக்காங்க" என்று அம்மாவிடம் சொன்னார்.

கண் எடுக்க மரம் வேண்டுமே? பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் முற்றிய பிராம்லி மரம் ஒன்று இருந்தது. அந்த வட்டாரத்து மண்ணின் மரம் அது. நாட்டிங்ஹாமிலிருந்து இருபது கிலோமீட்டர் சுமாரில் உள்ள சவுத்வெல் என்ற சிற்றூரில், 1809இல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி வீட்டுத் தோட்டத்தில் போட்ட விதையில் முளைத்தது. 1846இல் அந்த வீட்டை மேத்யூ பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரர் வாங்கினார். பத்து வருடம் கழித்து, ஹென்றி மெரிவெதர் என்ற இளம் நாற்றுக்காரர் அந்தப் பழத்தைப் பார்த்து வியந்து, மரத்திலிருந்து குச்சி கேட்டார். என் பெயரை வைப்பதானால் எடுத்துக்கொள் என்றாராம் பிராம்லி. விதை போட்ட மேரி ஆன் 1852இலேயே இறந்துவிட்டார். தன் மரம் ஊர் ஊராகப் போகப்போவது அவருக்குத் தெரியாது. இன்று பிரிட்டனில் சமையல் ஆப்பிள் என்றாலே பிராம்லிதான். எங்கே இருக்கும் பிராம்லி மரமும் அந்த ஒரு மரத்தின் துண்டு.

அப்பா பக்கத்து வீட்டு மரத்தில் அந்த வருடம் வளர்ந்த ஒரு குச்சியைத் தேர்ந்தெடுத்தார். இலைகளை நறுக்கி, காம்புகளை மட்டும் விட்டார். அதைப் பிடித்துக்கொண்டு கண்ணைச் செருகலாம். ஒவ்வொரு அடிக்கன்றிலும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஆங்கில 'டி' எழுத்து மாதிரி கீற வேண்டும். ஒட்டு மண்ணுக்கு மேலேதான் இருக்க வேண்டும். மண் மூடினால் மேல்பகுதியே வேர் விட்டு, மரம் கட்டுக்கடங்காமல் வளர்ந்துவிடும்.

முதல் கீறல் போட்டதும் அப்பாவின் கை தானாகத் துணிக்குப் போனது. துடைக்க ஒன்றும் இல்லை. "பால் வரலையே" என்று அவர் சிரித்தது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. பட்டையை இரண்டு பக்கமும் மெல்ல விலக்கி, கேடயம் போல் சீவிய கண்ணை உள்ளே இறக்கி, கண் மட்டும் வெளியே தெரியும்படி நாடாவைச் சுற்றினார்.

அடுத்த கன்றுக்கு நகரும்போதுதான் கேட்டார்: "இது எத்தனை வருஷத்துல காய்க்கும்?"

"நாலஞ்சு வருஷம்ப்பா."

கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்ப நீ வரமாட்டே."

அக்கா பிரிட்டிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தீர்மானித்திருந்தார். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அதை எடுத்தால் இதை விட வேண்டும். ஆறு மாதமாக எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. அக்கா அழுதார். "இல்லப்பா. வரல" என்றார்.

அப்பா அடுத்த கன்றுக்கு முன்னால் உட்கார்ந்தார். "குச்சியைக் கொடு. காய விடக்கூடாது" என்றார். அன்றைக்கு அதற்கு மேல் பேச்சு இல்லை.

நாங்கள் ஊர் திரும்பிய பிறகு, செப்டம்பரில், காணொளி அழைப்பில் சோதனை நடந்தது. விட்டு வைத்த காம்பை விரலால் தொட வேண்டும். உதிர்ந்தால் கண் பிடித்திருக்கிறது. காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் போயிற்று. ஒன்று உதிர்ந்தது, ஒன்று உதிரவில்லை. "ரெண்டுல ஒண்ணு. இந்த ஊருக்குப் புதுசுதானே நான்" என்றார் அப்பா.

பிடித்த கண்ணும் உடனே முளைக்காது. குளிர்காலம் முழுக்கத் தூங்கும். குளிர் முடியும் தறுவாயில், கண்ணுக்குச் சற்று மேலே அடிக்கன்றைச் சாய்வாக வெட்டிவிட வேண்டும். அக்கா அதை 2020 மார்ச் தொடக்கத்தில் வெட்டினார். அந்த மாதமே இங்கே நடமாட்டக் கட்டுப்பாடு, அங்கே முழு முடக்கம். அக்காவுக்கு மருத்துவமனையில் இரவு வேலை. அப்பா மாடி வீட்டுக்குள் அடைந்து கிடந்து செய்தி பார்ப்பார், கைப்பேசியைப் பார்ப்பார். வேலை முடிந்து வரும் அக்கா, உடை மாற்றும் முன்பே பின்புறம் போய் அந்தக் கண்ணைப் படம் எடுத்து அனுப்புவார். "நல்லா இருக்கேன்" என்று எழுதுவதற்குப் பதில் அதுதான் கடிதம். ஏப்ரலில் ஒரு நாள் படத்தில் சாம்பல் நிறக் கண் வெடித்து, பச்சை முனை தெரிந்தது. அப்பா அதை அடுத்த வீட்டு மலாய்க்காரருக்கும் காட்டினார்.

அடுத்த வருடம் அக்கா குடியுரிமை வாங்கினார். "கன்று எப்படி இருக்கு?" என்றுதான் அப்பா கேட்டார். 2022இல் முதல் பூக்களைக் கிள்ளச் சொன்னார், மரம் முதலில் உடம்பு தேறட்டும் என்று. 2023இல் ஏழு காய்கள்.

2024 செப்டம்பர் கடைசியில் அம்மாவும் நானும் போனோம். அப்பாவின் முழங்கால் நீண்ட விமானப் பயணத்துக்கு ஒத்துவரவில்லை. பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த, கொஞ்சம் கோணலான பழங்கள் குனிந்து தொங்கின. ஒன்றைச் சமையல் தராசில் வைத்தேன். 460 கிராம். இரண்டு கைகளும் வேண்டியிருந்தன.

அந்தப் பருமனுக்குக் காரணம் உரம் மட்டும் இல்லை. ஜூன் மாதத்தில், காய் கோலிக்குண்டு அளவில் இருக்கும்போது, கொத்துக்கு ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ள வேண்டும். அக்காவுக்கு மனம் வராதாம். காணொளியில் அப்பா எதிரே உட்கார்ந்து "அதைக் கிள்ளு, இதையும் கிள்ளு" என்று சொல்லச் சொல்லத்தான் நடந்திருக்கிறது. நம் ஊர்க் கொய்யாவுக்கும் ஜம்புவுக்கும் இந்த முறை பொருந்தும். தண்ணீரையும் சீராக விட வேண்டும். காயவிட்டு ஊற்றினால் பழத்தோலில் கசப்புப் புள்ளி விழும். பிராம்லியின் மகரந்தத்தால் பயன் குறைவு என்பதால், பக்கத்தில் வேறு வகை ஆப்பிள் மரம் பூத்திருந்தால்தான் காய் பிடிக்கும். அந்தத் தெருவில் அதற்குக் குறை இல்லை.

பிராம்லி கடும் புளிப்பு. வேகவைத்தால் நுரை மாதிரி கரைந்துவிடும். அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "மாங்காய்டி இது" என்றார். அன்றிரவு மீன் கறியில் புளிக்குப் பதில் அதுதான். பருப்பிலும் போட்டார். மீதியில் நல்லெண்ணெய், வெந்தயம், மிளகாய்த்தூள் சேர்த்து ஊறுகாய். ஒரு போத்தலைத் துணியில் சுற்றி அப்பாவுக்குக் கொண்டுவந்தேன். மோருஞ்சோற்றோடு தொட்டுச் சாப்பிட்டார். கருத்து எதுவும் சொல்லவில்லை. போத்தல் பத்து நாளில் காலி.

நாங்கள் அங்கே இருந்தபோது, அக்கா மகள் பழத்தின் விதைகளைத் தயிர் டப்பாவில் ஈர மண்ணோடு போட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தாள். பிராம்லி விதை பெரும்பாலும் முளைக்காது, முளைத்தாலும் இந்தப் பழம் வராது என்று அக்கா சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. போன மார்ச்சில் பத்தில் ஒன்று முளைத்தது. காணொளியில் அதைத் தூக்கிக் காட்டினாள்.

"இதுல என்ன பழம் வரும் தாத்தா?"

"யாருக்கும் தெரியாது. காய்ச்சாத்தான் தெரியும்" என்றார் அப்பா.

விதைக்கன்று காய்க்க ஆறு வருடம் ஆகலாம், பத்தும் ஆகலாம் என்று நான் இடையில் சொன்னேன்.

"பரவாயில்ல சித்தி. நாங்க இங்கதானே இருப்போம்" என்றாள் அவள்.

அப்பா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "ஆமா, அங்கதான் இருப்பீங்க" என்றார். "டப்பா அடியில ஓட்டை போட்டியா? தண்ணி தேங்கினா வேர் அழுகிடும். திருப்பிக் காட்டு பார்ப்போம்."