அண்ணனின் 4 ஓம்

அண்ணனின் காரை விற்றபோது, டிக்கியிலிருந்த சப்வூஃபரை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டோம். அவர் மறைந்தபின் அதை ஒலிக்கவிட எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை. சென்ற மாதம்தான் எங்கள் காரிலிருந்த 2 ஓம் சப்வூஃபருடன் அவருடைய 4 ஓமையும் சேர்த்துவிட முற்பட்டோம்.

பக்க இணைப்பில் இரண்டும் சேர்ந்தால் 1.33 ஓம். எங்கள் ஆம்ப்ளிஃபயர் தாங்குவதோ 2 ஓம் வரை. கணக்குப் பார்க்காமலே இணைத்தோம் (இலக்கியம் படித்தவர்களின் அவசரம்). ஒலியைக் கூட்டிய சற்றைக்கெல்லாம் பாதுகாப்பு விளக்கு சிவந்து, எல்லாம் அடங்கிப்போயிற்று. அண்ணனுடையது எரிந்துவிட்டதோ என்ற அச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மல்டிமீட்டரை வைத்தோம், 3.4 காட்டியது. 4 ஓம் என்று குறித்த சுருளின் நேர்மின்தடை ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். மூச்சு வந்தது.

பிறகு தொடரிணைப்பு; மொத்தம் 6 ஓம். ஆம்ப்ளிஃபயரின் சுமை குறைந்தது, கிடைக்கும் திறனும் குறைந்தது. அந்தத் திறனிலும் மூன்றில் இரு பங்கு, தடை கூடிய அண்ணனுடையதற்கே போகிறது. பக்க இணைப்பில் இது நேர்மாறு. பொருந்தாத இரண்டை இப்படிச் சேர்ப்பது முறையன்று என்றார் கடைக்காரர். முறையன்றுதான். எங்களுடையது சற்று மங்கித்தான் ஒலிக்கிறது, அப்படியே விட்டுவிட்டோம்.