கை பழகட்டும், மனசு பின்னால் வரும்

ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திர காணிக்கைக் கவர்களை வாசிக்கும்போது நான் காது கொடுத்துக் கேட்பேன். ‘மகன் பரீட்சையில் தேறியதற்காக ஒரு குடும்பத்தார் 500 ரூபாய்’, ‘ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக ஒரு சகோதரி 200 ரூபாய்’, விசா கிடைத்ததற்காக, புது வண்டிக்காக, கல்யாண நாளுக்காக. எல்லாம் சந்தோஷமான சேதிதான். ஆனால் ‘நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கியதற்காக’ என்று ஒரு கவர் வந்து நான் கேட்டதில்லை. ‘இந்த வாரம் வீட்டில் சண்டை இல்லாததற்காக’ என்றும் யாரும் எழுதியதில்லை. பெரிய காரியம் நடந்தால்தான் நன்றி என்று நமக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது.

பிள்ளைகளே, விசா கிடைக்கிற நாள் ஆயுசில் ஒன்றோ இரண்டோ. மற்ற நாட்களுக்கு என்ன செய்வது?

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பெண்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பிடியரிசி. உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால், ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாகப் போட்டு வைப்பது. எங்கள் அம்மா அதற்கென்று ஒரு பழைய டால்டா டப்பா வைத்திருந்தாள். நாங்கள் யார் அரிசி அளந்தாலும், அடுப்படிக்கு வெளியே இருந்தே, “எடுத்து வச்சியா பிள்ள?” என்று ஒரு குரல் வரும். சாக்கிலிருந்து எடுத்தால் அம்மா ஒப்புக்கொள்ள மாட்டாள். அளந்து வைத்ததிலிருந்துதான் எடுக்க வேண்டும். அன்றைக்கு எங்கள் தட்டில் விழ வேண்டிய சோற்றில் ஒரு கவளம் குறைய வேண்டும், அதுதான் காணிக்கை. சேர்ந்த அரிசி கோயிலுக்குப் போகும். சபைப் பெண்கள் அதை விற்று ஊழியத்துக்குக் கொடுப்பார்கள்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மிசோரம் சபைகளில் ‘புஃபைதாம்’ என்று இதையே செய்கிறார்கள். 1910இல் தொடங்கியது. சமைக்கிற ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி. அந்தச் சின்ன மலை மாநிலத்துச் சபைகள் இந்த அரிசியைக் கொண்டு வெகு தூரத்து ஊழியங்களைத் தாங்குகின்றன.

அம்மாவுக்கு எல்லா நாளும் மனசு நிறைந்திருந்ததா? இல்லை. மாசக் கடைசியில் டப்பாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறாள். அப்பாவோடு பேசாமல் இருந்த நாட்களும் உண்டு. ஆனாலும் கை மட்டும் தவறாமல் போய்விடும். நான் அவளிடம் கற்ற பாடம் இதுதான்: நன்றி உணர்ச்சி பொங்கி வரட்டும், பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால் அது வராது. கையைப் பழக்குங்கள். மனசு சில நாள் கூடவே வரும், சில நாள் பிந்தி வரும். வராத நாளிலும் பிடியரிசி பிடியரிசிதான்.

லூக்கா சுவிசேஷத்தில் பத்துக் குஷ்டரோகிகள் கதை உங்களுக்குத் தெரியும். திரும்பி வராத ஒன்பது பேரையும் நன்றி கெட்டவர்கள் என்று ஞாயிறு பள்ளியிலேயே திட்டித் தீர்த்திருப்பீர்கள். கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஆசாரியர்களிடம் போய்க் காட்டச் சொன்னவர் இயேசுதான். ஒன்பது பேரும் சொன்னதைச் செய்யத்தான் போனார்கள். அவர்களுக்கு அவசரம். ஆசாரியர் பார்த்துச் சரி என்றால்தான் வீட்டுக்கும் ஊருக்கும் திரும்ப முடியும். ஒருவன் மட்டும், அதுவும் அந்நியனான சமாரியன், குணமானதைக் கண்டு நன்றி சொல்லப் பாதி வழியில் நின்று திரும்பினான். உங்களில் பலரும் அந்த ஒன்பது பேரைப் போல நல்ல பிள்ளைகள்தான். படிக்கச் சொன்னால் படித்தீர்கள், வேலைக்குப் போகச் சொன்னால் போனீர்கள். திரும்பி வரத்தான் நேரமில்லை. கணக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சருக்கு ஒரு போன். ஹாஸ்டலில் காய்ச்சலாகக் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த அக்காவுக்கு நாலு வரி. கடவுளுக்கு ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, சோறு பொங்கிப் போட்டவளிடம் ‘நல்லா இருந்திச்சு’ என்று ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போகிறவனின் சாப்பாட்டு ஜெபம் பாதியில்தான் நிற்கிறது.

சாப்பாட்டு ஜெபம் என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். ஜெர்மனியில் ஐலன்பர்க் என்ற ஊரில் மார்ட்டின் ரிங்கார்ட் என்று ஒரு போதகர். முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அகதிகளால் ஊர் நிரம்பியது, பஞ்சம் வந்தது, 1637இல் கொள்ளைநோய் வந்தது. மற்றப் போதகர்கள் செத்துப்போனார்கள் அல்லது ஊரைவிட்டுப் போனார்கள். நாலாயிரம் பேருக்கு மேல் அவர் அடக்கம் செய்தார் என்பார்கள். அதில் அவருடைய மனைவியும் ஒருத்தி. உலகம் முழுக்கச் சபைகள் இன்றும் பாடும் நன்றிப் பாட்டு ஒன்று அவர் எழுதியது. பெரிய ஆலயத்துக்கென்று அவர் அதை எழுதவில்லை, தன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு எழுதினார் என்பதுதான் என்னைத் தொட்ட விஷயம். ஆண்டவரும் அப்படித்தானே? யூதாஸ் எழுந்து போகவிருந்த அதே பந்தியில் அப்பத்தை எடுத்து நன்றி சொன்னார். நன்றி சொல்வதற்கு நல்ல நாள் பார்க்கவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தப் பாடத்தைத் தப்பாக உபயோகிக்கிறவர்கள் உண்டு. கூலி குறைத்துக் கொடுத்துவிட்டு, ‘இதாவது கிடைச்சதேன்னு ஸ்தோத்திரம் பண்ணு’ என்பார்கள். அடி வாங்கிக்கொண்டு வந்து நிற்கும் பெண்ணிடம், ‘குடும்பம்னு ஒண்ணு இருக்கே, அதுக்கு நன்றியா இரு’ என்பார்கள். அது விசுவாசம் இல்லை, வாயடைப்பு. சங்கீதப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுதான். ஏன், எதுவரைக்கும் என்று கடவுளையே கேட்கிற ஜெபங்கள். நன்றிப் பாட்டும் அழுகையும் ஒரே புத்தகத்துக்குள் இருக்கின்றன. அநியாயத்தை அநியாயம் என்று சொல்லுங்கள். அன்றைக்கு உங்களோடு கூட நின்றவருக்கு நன்றியும் சொல்லுங்கள். ஒன்றுக்காக மற்றதை விட வேண்டியதில்லை.

சரி, எடுத்து வைத்த காணிக்கை எங்கே போய்ச் சேர வேண்டும்? எங்கள் பக்கத்து ஆலயங்களில் பண்டிகையோடு அசனம் என்ற பொதுப் பந்தி நடக்கும். ஆடு கொடுத்தவர், அரிசி மூட்டை கொடுத்தவர், பத்துத் தேங்காய் கொண்டுவந்தவர், ஒன்றும் கொடுக்க இல்லாமல் வந்தவர், எல்லாருக்கும் ஒரே பந்தி, ஒரே குழம்பு. யார் எவ்வளவு கொடுத்தார் என்பது இலையில் தெரியாது. கடவுளுக்கு என்று எடுத்து வைத்தது கடைசியில் அடுத்தவர் பசிக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

நீங்கள் சென்னையிலும் பெங்களூரிலும் அறை எடுத்துத் தங்குகிறீர்கள். அரிசி அளக்கிற வேலையே இல்லை என்பீர்கள். சரி, போனில்தானே சாப்பாடு வரவழைக்கிறீர்கள்? ஒவ்வொரு தடவையும் பத்து ரூபாய் தனியாகப் போடுங்கள். மாசக் கடைசியில் மிச்சம் இருந்தால் பார்ப்போம் என்று விட்டால் ஒன்றும் நடக்காது. ஆர்டர் போடுவதற்கு முன்னால் எடுத்து வையுங்கள். சேர்ந்ததும் யாருக்குக் கொடுப்பது என்று என்னைக் கேட்க வேண்டாம். சாப்பாட்டுப் பொட்டலத்தை உங்கள் வாசலில் கொண்டுவந்து தருகிற பையன் மத்தியானம் சாப்பிட்டானா என்று கேட்டுப் பாருங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.