சுவரிற் கீறிய கோடு

சென்ற ஆண்டு எமது பாடசாலையின் கூடைப்பந்தாட்டக் குழுவைத் தெரிவுசெய்யும் பொறுப்பு எம்மிடம் வந்து சேர்ந்தது. உடற்கல்வி ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக எவரும் வரவில்லை. தமிழ் கற்பிக்கும் எமக்கு அவ்விளையாட்டின் விதிகள் அரைகுறையாகவே தெரியும். ஆதலால் எளிதான வழியொன்றைக் கண்டோம். மைதானத்தோரச் சுவரிலே வெண்கட்டியால் ஒரு கோடு கீறி, அதனை எட்டியவர்களை ஒரு புறமும் எட்டாதவர்களை மறு புறமும் நிறுத்தினோம். எட்டாதவர்களுள் ஒருவன், “சேர், நான் கட்டைதான். ஒருக்கா விளையாட விட்டுப் பாருங்கோ” என்றான். நேரமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

பல மாதங்களின் பின், வத்தாரு மிசாக்கா என்னும் விளையாட்டு வீரரின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தபோது, அந்த மாணவனின் குரல் எமது காதிலே மீண்டும் ஒலித்தது.

மிசாக்கா 1923 ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஒக்டன் நகரிலே பிறந்தவர். தந்தை ஜப்பானிலிருந்து குடியேறிய முடிதிருத்துந் தொழிலாளி. கடைக்குக் கீழேயுள்ள நிலவறையே குடும்பத்தின் வீடு. பதினைந்து வயதில் தந்தையை இழந்த அவரைத் தாயே வளர்த்தெடுத்தார். அவர் வளர்ந்து எட்டிய உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். நெடியவர்களின் ஆட்டம் என்று பெயர் பெற்ற ஓர் ஆட்டத்தை அவர் தமதாக்கிக்கொண்டார்.

அவர் முன்னே கீறப்பட்டிருந்த கோடு உயரக் கோடு மட்டுமன்று. அந்நாட்டு மண்ணிற் பிறந்தமையால் மிசாக்கா அமெரிக்கக் குடிமகன். அவருடைய பெற்றோரைப் போன்று ஜப்பானிலே பிறந்து வந்தவர்களோ 1952 வரை அந்நாட்டுக் குடியுரிமை பெற முடியாதவர்கள். 1942 இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றின் கட்டளைப்படி, மேற்குக் கரையோரத்தில் வாழ்ந்த ஏறத்தாழ 120,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடு வாசல்களிலிருந்து அகற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பான்மையினர் பிறப்பாலே அமெரிக்கக் குடிகள். அம்முகாம்களுள் ஒன்றாகிய டோபாஸ், யூட்டா மாநிலத்திலேயே அமைந்திருந்தது. ஒக்டன் நகர் அகற்றல் எல்லைக்கு வெளியே இருந்தமையால் மிசாக்கா குடும்பம் தப்பியது. ஒரே மாநிலத்தில், ஒரே இனத்தவருள், ஆயிரக்கணக்கானோர் முட்கம்பிக்குள்ளே. ஒருவர் பல்கலைக்கழகத்தின் ஆட்டக் களத்திலே!

1944 மார்ச் மாதத்தில் யூட்டா பல்கலைக்கழகக் குழு, நியூயோர்க் நகரில் டாட்மத் கல்லூரியை மேலதிக நேரத்தில் 42க்கு 40 என்ற கணக்கில் வென்று தேசியச் சம்பியனாயிற்று. வெற்றியுடன் வீடு திரும்பிய மிசாக்காவை இராணுவத்திற்கு அழைக்கும் கடிதம் எதிர்கொண்டது. போர் முடிந்தபின் அவர் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டார். குண்டுவீச்சின் விளைவுகளை ஆராய்ந்த அமெரிக்கக் குழுவின் பணியில், ஹிரோஷிமாவில் உயிர் தப்பியோரை விசாரிக்கும் வேலை அவருக்கு வாய்த்தது. அவருடைய முகம் அம்மக்களின் முகம். அணிந்திருந்த சீருடையோ குண்டு வீசிய நாட்டின் சீருடை. இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் இதனை எவ்வாறு தாங்கினாரோ என்று எண்ணி, நூலை மூடிவைத்துச் சிறிது நேரம் இருந்தோம்.

நாடு திரும்பி மீண்டும் களத்தில் இறங்கினார். 1947 மார்ச்சில், அதே நியூயோர்க்கில், பலம் வாய்ந்த கென்ரக்கி பல்கலைக்கழகக் குழுவை யூட்டா 49க்கு 45 என வீழ்த்தியது. கென்ரக்கியின் புகழ்பெற்ற வீரர் றால்ப் பியேட் அன்று பெற்றது ஒரேயொரு புள்ளி. அவரை நிழல் போலத் தொடர்ந்து மறித்தவர் மிசாக்கா. வளையத்தின் கீழே நெடியவனுக்கு வாய்ப்பு அதிகம் என்பது மெய்யே. ஆயின் பந்து அவனிடம் தானாகப் போய்ச் சேர்வதில்லை. அதனை நிலத்திலே தட்டித் தட்டி ஒருவன் கொண்டுவர வேண்டும். அவனை வேறொருவன் தாழக் குனிந்து, விரைந்து கால் மாற்றி, மறிக்க வேண்டும். அவ்வேலைக்கு வேண்டியது உயரமன்று. எமக்குத் தெரியாதிருந்த விதி இதுவே.

அவ்வாண்டிலேயே நியூயோர்க் நிக்ஸ் என்னும் தொழில்முறைக் குழு அவரைத் தெரிவுசெய்தது. ஏப்ரலில் ஜக்கி ரொபின்சன் என்ற கறுப்பின வீரர் பேஸ்போல் ஆட்டத்தின் நிறவேலியைத் தகர்த்திருந்தார். நவம்பரில் மிசாக்கா களமிறங்கி, பின்னாளில் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கமாகிய அமைப்பில் ஆடிய முதலாவது வெள்ளையரல்லாதார் ஆனார். கறுப்பின வீரர்கள் அங்கு ஆட 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் மிசாக்கா ஆடியவை மூன்றே ஆட்டங்கள். பெற்றவை ஏழு புள்ளிகள். அம்மாதம் முடியுமுன் அவரை நீக்கிவிட்டனர். அவருடைய நிலையில் ஆடுவோர் மிகுதியாக உள்ளனர் என்பதே காட்டப்பட்ட காரணம்.

நிறமே காரணம் என்று மிசாக்கா குறை கூறவில்லை. அவர் சொல்லாததை அவர் வாயில் திணிக்க எமக்கு உரிமையில்லை. எனினும் ஒன்று கேட்கலாம்: மூன்று ஆட்டங்களில் ஒரு மனிதனை அளந்து முடித்துவிட இயலுமா?

ஊர் திரும்பும் வழியில், வேடிக்கை ஆட்டங்களுக்குப் பெயர்போன ஹார்லெம் குளோப்ரொட்டேர்ஸ் குழு அவரை அழைத்தது. மறுத்துவிட்டு, யூட்டாவில் பொறியியற் படிப்பை முடித்துப் பொறியியலாளராக வாழ்ந்து, 2019 இல் தமது 95 ஆவது வயதில் மறைந்தார். அவர் அணிந்த 20 ஆம் இலக்கத்தை இனி எவருக்கும் வழங்குவதில்லையென அவருடைய பல்கலைக்கழகம் சிறப்புச் செய்தது 2022 இலே. அதைக் காண அவர் இல்லை.

ஜப்பானிலே பிறந்த ஒருவர் அச்சங்கத்தின் களத்தில் ஆட 2004 வரை செல்லவேண்டியிருந்தது. யூத்தா தபுசே என்னும் அவரும் ஆறடிக்குக் குறைந்தவரே. அவருக்குக் கிடைத்தவை நான்கு ஆட்டங்கள்.

குள்ளரும் வெல்லலாம் என்று மாணவருக்கு உபதேசிப்பது எளிது. அது அவர்களுக்குச் சொல்லும் பாடம். கோடு கீறும் எமக்கான பாடம் வேறு. புள்ளியாலும் பேசும் மொழியாலும் குலத்தாலும் நாள்தோறும் எத்தனையோ கோடுகள் கீறப்படுகின்றன. பெரும்பாலும், ஆட்டம் தொடங்குமுன்னரே கீறப்படுகின்றன. கீறுகின்றவர் பகைவராய் இருக்கவேண்டியதில்லை. நேரமில்லாதவராய் இருந்தாற் போதும்.

அந்த மாணவனைத் தேடினோம். பரீட்சை முடித்து அவன் பாடசாலையை விட்டுப் போய்விட்டான். இவ்வாண்டு சுவரிலே கோடு கீறவில்லை. வந்தவர் அனைவரையும் பத்து நிமிடமாவது ஆடவிட்டோம். தெரிவு முடிந்தபோது நன்றாக இருட்டிவிட்டது.