கடிகாரமும் அளவு நாடாவும்

பூ விற்கும் அம்மையார் தம் கையால் முழம் போட்டுச் சரத்தை அளந்து கொடுப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். நீண்ட கையுடையவர் அளந்தால் வாங்குபவருக்கு ஆதாயம். குட்டையான கையுடையவர் அளந்தால் விற்பவருக்கு ஆதாயம். இதனை அறிந்தே வாங்குகிறோம்; ஆதலால் எவரும் ஏமாறுவதில்லை. ஆனால், அதே முழக்கணக்கு ஒரு சிறு திரையின்மேல் எண்களாய் ஒளிரும்போது, அது முழக்கணக்கு என்பதே நமக்கு மறந்துபோகிறது. அவ்வாறு மறந்ததால் நான் செய்த ஒரு பிழையை இங்கு எழுதுகின்றேன்.

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பதைக் கண்ட மருத்துவர், நாள்தோறும் நடக்குமாறு பணித்தார். என் மகள் திறன்கடிகாரம் ஒன்றை வாங்கி வந்து என் கையில் கட்டிவிட்டாள். "அப்பா, எவ்வளவு தூரம் நடந்தீர்கள், எவ்வளவு விரைவாக நடந்தீர்கள் என்பதை எல்லாம் இதுவே சொல்லிவிடும்" என்றாள். ஒரு கிலோமீட்டரைக் கடக்க எத்தனை நிமிடம், எத்தனை வினாடி என்பதை அது காட்டும். வீடு திரும்பியதும் அந்த எண்ணைப் பார்ப்பது, தேர்வு முடிவைப் பார்க்கும் மாணவனின் ஆவலுக்குக் குறைந்ததன்று.

என் பள்ளி செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சிறிய தமிழ்ப்பள்ளி. அவ்வாண்டு மாவட்டக் குறுக்கோட்டப் போட்டிக்கு நான்கு மாணவர்களை அனுப்ப வேண்டியிருந்தது. முன்வந்தவர்களோ அறுவர். தூரத்தை அளந்து கோடிட நேரமில்லை. கடிகாரம் இருக்கையில் அந்த வேலை எதற்கு என்றும் எண்ணினேன். அதனை ஒவ்வொருவர் கையிலும் கட்டி, அது ஒரு கிலோமீட்டர் என்று காட்டும்வரை ஓடச் செய்தேன். ஐவர் பள்ளியின் முன்னுள்ள திறந்த சாலையில் ஓடினர். ஆறாமவன் அன்று பள்ளிக்கு வரவில்லை. மறுவாரம் அவன் வந்தபோது சாலையில் செப்பனிடும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆகவே, அவனைத் தோட்டத்து மண்பாதையில் ஓடவிட்டேன்.

5 நிமிடம் 15 வினாடி என்றது கடிகாரம். நான்காம் இடத்திலிருந்தவனின் கணக்கு 5 நிமிடம் 2 வினாடி. மூச்சு வாங்க நின்ற அந்தச் சிறுவன், "ஐயா, பாலத்திலேயே ஒரு கிலோமீட்டர் முடிந்துவிடும் என்று அப்பா சொல்வார். நான் பாலத்தையும் தாண்டி ஓடினேன்" என்றான். நான் சிரித்தேன். "துணைக்கோளைவிட உன் அப்பாவுக்கு அதிகம் தெரியுமோ?" என்று கேட்டேன். அவன் தலைகுனிந்து கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தான். பெயர்ப் பட்டியல் சென்றது. போட்டியும் நடந்து முடிந்தது.

சில நாள் கழித்து அதே மண்பாதையில் நான் நடக்கலானேன். பாலத்தை அடைந்தபோது கடிகாரம் 0.92 கிலோமீட்டர் என்றது. மறுநாள் அதே இடத்தில் 0.95 என்றது. பாதை நீளவுமில்லை, குறுகவுமில்லை. அன்றுதான் என் நெஞ்சில் ஐயம் புகுந்தது. மறுநாள் விளையாட்டு ஆசிரியரை அழைத்துக்கொண்டு, 50 மீட்டர் அளவு நாடாவோடு பள்ளி வாயிலிலிருந்து அளந்து சென்றேன். பாலத்தின் முதற்கல் 1,004 மீட்டரில் இருந்தது. முதல்நாள் கணக்கின்படி பார்த்தால், அச்சிறுவன் ஓடியது ஒரு கிலோமீட்டர் அன்று. ஏறத்தாழ 1,090 மீட்டர். மற்றவர்களைவிடக் கூடுதலான தூரத்தை ஓடியவனை மெதுவானவன் என்று நான் தள்ளியிருக்கிறேன். நிறுத்தற் கடிகாரத்தை வைத்து அவனை மீண்டும் ஓடச் செய்தோம். 4 நிமிடம் 51 வினாடியில் பாலத்தைத் தொட்டான்.

இவ்வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது? பின்னர் அதனைப் படித்தறிந்தேன். ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுழல்கின்றன. அவை விடுக்கும் வானொலி அலை வந்துசேர எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு, கடிகாரம் தன் இருப்பிடத்தைக் கணிக்கிறது. அந்த அலை ஒளியின் வேகத்தில் வருவது. நேரக் கணக்கில் ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினும் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிழை இயல்பு. அடர்ந்த மட்டைகள் அலையை நலிவிக்கின்றன. மரங்களும் கட்டடங்களும் அதனைத் திருப்பியடித்து வழியை நீட்டுகின்றன. இவ்வாறு கணித்த புள்ளிகளைக் கடிகாரம் நேர்கோடுகளால் இணைக்கும்போது, பாதையின் வளைவுகள் வெட்டுப்பட்டுத் தூரம் குறைந்துபோவதும் உண்டு. புள்ளிகள் இருபுறமும் அலைந்தால் தூரம் மிகுவதும் உண்டு.

வேகமோ தூரத்திலிருந்து பிறப்பது. அச்சிறுவன் 10 வினாடியில் ஓடுவது ஏறத்தாழ 34 மீட்டர். அதில் 5 மீட்டர் பிசகினால், ஏழில் ஒரு பங்கு வேகம் பொய்யாகிறது. அலை கிட்டாத இடத்தில் கையின் அசைவை எண்ணி, அணிந்திருப்பவரின் அடியளவால் பெருக்கித் தூரத்தை ஊகிக்கும் கடிகாரங்களும் உள்ளன. என் கடிகாரத்தில் பதிந்திருந்ததோ என் உயரம். அது பழகியிருந்ததோ என் நடை. பூக்காரம்மையாரின் முழம் போன்றதே இதுவும். என் அடியால் ஒரு சிறுவனின் ஓட்டத்தை அளப்பது எவ்வகையில் முறையாகும்?

1990களின் தொடக்கத்தில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஓடுதடம் வரையக் கற்றபோது, எங்கள் விரிவுரையாளர் ஒவ்வொரு கோட்டையும் இருமுறை அளக்கச் செய்வார். தடத்தின் உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளியே முதல் தடத்தின் நீளத்தை அளக்க வேண்டும் என்பார். அன்று அது வீண் பிடிவாதமாகத் தோன்றியது. 42.195 கிலோமீட்டர் நெடுந்தொலை ஓட்டப் பாதைகளை மிதிவண்டிச் சக்கரத்தில் பொருத்திய எண்ணியால் அளக்கின்றனர். அளக்கும் முன்னும் அளந்த பின்னும், தூரம் தெரிந்த ஒரு கோட்டில் அம்மிதிவண்டியை ஓட்டிச் சரிபார்க்கின்றனர். அதன் பின்னரும் பாதை குறைந்துவிடலாகாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டிக்கொள்கின்றனர். அளவுகோலையும் அளந்து பார்ப்பதே அளப்பவனின் அறம். கல்லூரியில் கற்ற அந்தப் பாடத்தை, தலைமையாசிரியரான பின் நான் மறந்திருந்தேன்.

அன்று மாலை அச்சிறுவனின் வீட்டிற்குச் சென்றேன். தந்தையார் அப்போதுதான் குலை வெட்டிவிட்டுத் திரும்பியிருந்தார். நடந்ததைக் கூறி, மகனிடமும் அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பாலத்தின் தூரம் அவருக்கு எப்படித் தெரியும் என்றும் வினவினேன். "பாதையோரம் 110 மரம், ஐயா. மரத்துக்கு மரம் 30 அடி வைத்து நட்டது. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்" என்றார். மனக்கணக்காய்ப் பெருக்கிப் பார்த்தேன்: 3,300 அடி, ஏறத்தாழ 1,006 மீட்டர். எந்த மரங்கள் துணைக்கோளின் அலையை மறைத்தனவோ, அந்த மரங்களே அவருக்கு அளவுகோலாய் இருந்தன. "முன்னே பின்னே இருக்கும்" என்று தம் கணக்கின் குறையையும் அவர் சேர்த்தே சொன்னார். என் கடிகாரம் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சிறுவன் ஆறாம் ஆண்டு மாணவன். அவனுக்கு எங்கள் பள்ளியில் இன்னொரு போட்டி ஆண்டு இல்லை. மன்னிப்பு அந்த வாய்ப்பை மீட்டுத் தரவில்லை.

கடிகாரத்தை நான் கழற்றி எறியவில்லை. ஒரு மாதத்தில் நான் சோம்பினேனா, முயன்றேனா என்பதைக் காட்ட அது போதும். ஆனால், ஒருவனை மற்றொருவனோடு ஒப்பிட்டு ஒதுக்க அது போதாது. நம் வகுப்பறைகளிலும் 1 முதல் 6 வரை அடைவுநிலைகளைப் பதிவு செய்கிறோம். ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே எண்ணை எழுதுமுன், அவன் ஓடியது திறந்த சாலையிலா, மரநிழலிலா என்று நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். "ஐயா, நான் பாலத்தையும் தாண்டி ஓடினேன்" என்று அவன் சொல்வானாயின், முதலில் நாடாவை எடுத்துக்கொண்டு அவனோடு நடக்க வேண்டும்.