நீலகிரியில் மனைவெப்பம் காத்தல்

சமநாட்டில் வாழ்வோர் மனையெடுக்குங்கால் வெயிலை அஞ்சி எடுப்பர். கூரையை உயர்த்துவர், காற்று வரும் திசையில் சாளரம் வைப்பர், முற்றத்தைத் திறந்து விடுவர். அதுவே வீட்டிலக்கணம் என்று பயின்ற கொத்தர் மலைமேல் வந்தும் அதனையே கட்டிச் செல்கின்றனர். யாம் பிறந்து வளர்ந்த உதகமண்டலமோ கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆனி ஆடித் திங்கள்களில் மழையும் மஞ்சும் விடாது மூடும். மார்கழி தைத் திங்கள்களில் விடியற்காலத்தே புல்வெளிகளில் உறைபனி படியும். இத்தகைய இடத்தில், வெயிலுக்கு அஞ்சிக் கட்டிய வீட்டில் குடியிருப்போர் படும் பாட்டினை எம்முடன் பயிலும் நண்பர்கள் அறியார். அவர்களுக்கு உதகை என்பது கோடையில் மூன்று நாள் தங்கி மீளும் ஊர்.

குளிர் வந்தால் கதவை அடைத்து நெருப்பு மூட்டுதல் மக்களின் தொன்றுதொட்ட வழக்கம். நக்கீரர் நெடுநல்வாடையில் கூதிர்க்காலத்து மூதூரைக் கூறுமிடத்து, மாந்தர் கதவங்களைத் தாழிட்டுத் தடவில் நெருப்பிட்டுக் குளிர்காய்ந்த செய்தியைச் சொல்கின்றார். அஃது ஓரிரு திங்கள் நின்று நீங்கும் குளிர். ஆண்டின் பெரும்பகுதியும் ஈரம் நிறைந்த எம் மலையில் அவ்வாறு அடைத்துக் காய்தல் மட்டுமே செய்தால் விளைவு வேறாகின்றது. அதனைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈரமே குளிருக்குத் துணை. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு மிகுதியாக வெப்பத்தைக் கடத்தும். செங்கல்லின் நுண்துளைகளில் காற்று இருக்கும்வரை சுவர் ஒருவாறு வெப்பத்தைத் தடுத்து நிற்கும்; அத்துளைகளில் நீர் புகுந்துவிடின் அச்சுவரே வெப்பம் வெளியேறும் வழியாகிவிடும். அன்றியும், சுவரிலுள்ள நீர் ஆவியாகுங்கால் தனக்கு வேண்டும் வெப்பத்தைச் சுவரிலிருந்தே கவர்ந்துகொள்ளும். ஆதலின் நனைந்த சுவருடைய அறையில் நெருப்பு மூட்டுதல் நனைந்த சட்டையின்மேல் கம்பளி போர்த்தது போலாம். அந்நீர் மழையால் மட்டும் வருவதன்று. நால்வர் வாழும் மனையில் மூச்சினாலும் சமையலாலும் குளியலாலும் ஈரத்துணி உலர்த்துவதாலும் நாளொன்றுக்கு 10 லிட்டர் அளவு நீர் காற்றிற் கலக்கக்கூடும். சமையல் எரிவாயு எரிவதாலும் நீராவி பிறக்கும், 14.2 கிலோ கொண்ட ஒரு சிலிண்டர் தீர்வதற்குள் 20 லிட்டருக்கு மேற்பட்ட நீரை வீட்டினுள் விட்டுச் செல்கின்றது. சிலிண்டருக்குள் தண்ணீர் ஏது என்று கேட்டு எம் பாட்டியார் இதனை இன்றுவரை நம்பினாரல்லர்.

இவ்வாவி வீட்டிலே மிகக் குளிர்ந்த இடம் எதுவோ அதனை நாடிச் சென்று நீராகப் படியும். பீரோவின் பின்புறமும், வடபுறச் சுவரின் மூலையும், சாளரத்தின் கண்ணாடியும் அத்தகைய இடங்கள். அங்கே முதலில் கரும்புள்ளிகள் தோன்றும். பின்னர்ப் பூசணம் பாய்போல் விரியும். எம் தங்கை துயிலும் கட்டில் அத்தகைய சுவரை ஒட்டிக் கிடந்தது. ஆண்டுதோறும் ஆனியில் தொடங்கும் அவளது இளைப்பு புரட்டாசி வரை விடுவதில்லை. மருந்து பல மாறின. இறுதியில் முதிய மருத்துவர் ஒருவர், மார்பைச் சோதிப்பதை விடுத்து, அவள் படுக்கும் அறையைப் பற்றி வினவினார். குளிரும் ஈரமும் மிக்க இங்கிலாந்திலும் இத்தொல்லை எளியோர் வீடுகளில் மிகுதி. ஆங்கே ராச்டேல் என்னும் நகரில் 2020ஆம் ஆண்டு டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. வீட்டுப் பூசணமே காரணம் என 2022இல் விசாரணை அதிகாரி முடிவு கூறினார். அடுத்த ஆண்டே, வாடகைக்கு விடப்படும் சமுதாய வீடுகளின் ஈரத்தைக் குறித்த கால எல்லைக்குள் நீக்கச் செய்வதற்கு அந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. அச்செய்தியைப் படித்த அன்று எம் தந்தையார் கட்டிலை அறையின் நடுவே இழுத்துப் போட்டார்.

சுவரிலே பச்சையும் சிவப்புமாகத் தோன்றும் மறுவைக் குறித்து லேவியராகமத்தின் 14ஆம் அதிகாரத்தில் விதிகள் உள்ளன. ஆசாரியன் பார்த்து வீட்டை 7 நாள் பூட்டிவைத்தல், மறு பரவியிருப்பின் அக்கற்களைப் பெயர்த்தெறிதல், உட்புறமெல்லாம் சுரண்டி வேறு சாந்து பூசுதல் என அவை செல்லும். சிறுவயதில் ஞாயிறு பள்ளியிலே கேட்டபொழுது இஃது எமக்கு விளங்காத பகுதி. இப்பொழுதோ, பூசணத்தின்மேல் ஆண்டுதோறும் வண்ணம் அடித்து மறைக்கும் எம் ஊராரைவிட அவ்வாசாரியன் அறிவுடையவன் என்றே தோன்றுகின்றது.

நிற்க. எம் மலையின் பழங்குடியினர் குளிரை எங்ஙனம் வென்றனர் என்பதையும் நோக்குவோம். தோடரின் பழைய இல்லம் மூங்கிலை வளைத்துப் பிரம்பினாற் கட்டிப் புல் வேய்ந்தது. கவிழ்த்த பீப்பாயை நெடுக்காகப் பிளந்து வைத்தாற் போன்றது. அதன் வாயில் மூன்றடி உயரமே உடையது. தவழ்ந்தே புகுதல் வேண்டும். உள்ளிடம் சிறிது ஆகையால் சிறு நெருப்பே போதும். தடித்த புல்வேய்ச்சலின் இடையே அசையாது நிற்கும் காற்று வெப்பத்தை வெளிவிடாது காக்கும். கம்பளியின் தொழிலும் இதுவே. ஆயினும் சாளரமில்லாத அவ்வில்லத்துள் புகையும் உடன் வாழ்ந்தது என்பதை மறைத்தலாகாது. படகர் ஊர்களிலோ வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி ஒரே வரிசையாய் நிற்கும். வரிசையின் இடையிலுள்ள வீட்டிற்கு இருபுறமும் அயலார் அடுப்பே காவல். கோடி வீட்டினர் மட்டுமே குளிரை நேர்நின்று தாங்குவர். தேயிலைத் தோட்டங்களின் தொழிலாளர் வரிசை வீடுகளிலும் இதனைக் காணலாம்.

1822இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் உதகையில் தமது கல் வீட்டை எழுப்பத் தொடங்கினார். அவர்க்குப்பின் வந்த ஆங்கிலேயர் உயர்ந்த கூரையும் அகன்ற கண்ணாடிச் சாளரமும் அறைதோறும் கணப்பிடமும் உடைய மனைகளைப் பரப்பினர். திறந்த கணப்பிடம் காண்பதற்கு இனியது, காய்வதற்கு வீண். அதன் வெப்பத்திற் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானிற்குப் போகும். போகும் காற்றின் இடத்தை நிரப்பக் கதவிடுக்குகள் வழியே குளிர்காற்று உள்ளே ஈர்க்கப்படும். எதிரே இருப்போர்க்கு முகம் சுடும், முதுகு நடுங்கும். இவ்வீண்செலவுக்கு விறகு கொடுத்தவை சோலைக்காடுகள். அவை குறையக் கண்டே, 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஆஸ்திரேலியாவினின்று கொணர்ந்த தைலமரமும் சீகைமரமும் விறகுக்காகப் புல்வெளிகளில் நடப்பட்டன. இன்று சீகை தானே பரவி, வேண்டியும் களைய இயலாத நிலையில் நிற்கின்றது. ஒரு மனை வெப்பத்தைக் காவாது விட்டால் அதன் கேடு அம்மனையோடு நில்லாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இக்காலத்து வீடுகளில் கணப்பிடம் இல்லை, கரியடுப்பு உள்ளது. அதனை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உறங்குவோர் இன்னும் பலர். எரியும் கரியினின்று எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, உறங்குவோர் எழுவதுமில்லை. மலையூர் விடுதிகளில் இவ்வாறு மாண்டவர் செய்தி நாளிதழ்களில் அவ்வப்போது வருகின்றது.

இனி எம் மனையிற் செய்தவை. அது பாட்டனார் காலத்துத் தகரக்கூரை வீடு. பலகையால் உட்கூரை உண்டு. சரிவை வெட்டிக் கட்டியமையின் பின்சுவரின்மேல் மண் சாய்ந்திருந்தது. எம் தந்தையார் முதலில் ஹீட்டர் வாங்குதற்கே எண்ணினார். யாமோ நீரை விலக்காது வெப்பத்தை வாங்குதல் ஓட்டைக் குடத்தில் நீர் முகப்பதாகும் என வாதித்தோம். இரண்டு ஆட்களை வைத்து அம்மண்ணை அகற்றி, சுவருக்கும் சரிவுக்கும் இடையே இரண்டடி இடம் விட்டு வடிகால் வெட்டினோம். கூரைத் தூம்பைச் செப்பனிட்டோம். பின்னர், கோயம்புத்தூரினின்று பாறைக்கம்பளிச் சுருள்கள் தருவித்து உட்கூரையின்மேல் நான்கு அங்குலம் விரித்தோம். வெப்பம் மேலே மிகுதியாகச் செல்வதாதலின், செலவிட்ட பணத்திற்கு இதனால் விளைந்த பயனே பெரிது. வைகறையில் தகரத்தின் உட்புறத்தினின்று சொட்டிய நீரும் நின்றது. சாளர இடுக்குகளைப் பழைய கம்பளித் துண்டுகளால் அடைத்தோம். மாலையில் வெயில் மறையுமுன் தடித்த திரைகளை இழுத்து விடுகின்றோம். பகலில் தென்புறச் சாளரத்தில் திரையே இல்லை.

இவ்வளவும் அடைத்தபின் ஆவி எங்ஙனம் வெளியேறும்? எம் வீட்டில் நீண்ட வழக்கு நிகழ்ந்தது இது பற்றியே. பாட்டியார் சாளரத்தைத் திறக்கவே கூடாது என்பார். "ஊர்க் குளிரையெல்லாம் வீட்டுக்குள்ளே கூப்பிடுறியே, தம்பி" என்பது அவர் சொல். திறந்தே வைத்தல் வேண்டும் என்பது தாயார் கட்சி. யாம் கண்ட வழி இரண்டிற்கும் இடைப்பட்டது. நண்பகலில் எதிரெதிர்ச் சாளரங்களை முற்றத் திறந்து பத்து நிமிடம் விடுதல். பின்னர் இறுக மூடுதல். அறைக் காற்று முழுவதும் மாறிவிடும். சுவரும் தரையும் பொருள்களும் கொண்ட வெப்பமோ அச்சிறு பொழுதில் அழியாது. காற்றின் வெப்பம் சிறிது, சுவரின் வெப்பம் பெரிது. நாள் முழுதும் சிறு கீற்றாகத் திறந்து வைத்தாலோ சுவரும் குளிர்ந்துவிடும். சமையலறையிலும் குளியலறையிலும் காற்றை வெளித்தள்ளும் விசிறி பொருத்தினோம். ஈரத்துணி இப்பொழுது வெளித் தாழ்வாரத்தில் உலர்கின்றது; ஆடியில் நான்கு நாள் ஆகும். அந்நாட்களில் சட்டைகளைக் குறித்து வீட்டில் எழும் பூசலைத் தவிர்க்க வழி கண்டிலோம்.

சென்ற மழைக்காலத்தில் தங்கைக்கு இருமுறையே இளைப்புக் கண்டது. வடபுற அறை மட்டும் எஞ்சியுள்ளது. முன்னோர் சுண்ணாம்பு பூசியிருந்த அச்சுவரில் இடையிலே யாரோ சிமெண்டு பூசிவிட்டனர். உட்புகுந்த ஈரம் வெளிவர வழியின்றி உள்ளேயே தங்குகின்றது. அதனை உரித்து மீண்டும் சுண்ணாம்பு பூசுதல் வேண்டும். உறைபனி நீங்கி மழை தொடங்குமுன், பங்குனியில்தான் அவ்வேலை இயலும். சுண்ணாம்புப் பூச்சு அறிந்த கொத்தர் ஒருவர் கோத்தகிரியில் இருக்கின்றார்; அவரை இப்பொழுதே சொல்லி வைத்திருக்கின்றோம்.