பழைய காரின் ஒவ்வாச் சக்கரங்கள்

பழைய காரில் நான்கு சக்கரங்களும் நான்கு விதமாகிப்போவது ஒரே நாளில் நேர்வதில்லை. ஒரு டயர் ஜல்லி குத்திக் கிழிகிறது. அவசரத்துக்கு ஸ்டெப்னி ஏறுகிறது. ஏறியது இறங்குவதே இல்லை. அடுத்த உரிமையாளர் காலத்தில் ஒரு ரிம் பள்ளத்தில் விழுந்து நெளிகிறது. சென்னை புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைத்த வேறு வண்டியின் ரிம் அந்த இடத்துக்கு வருகிறது. அதற்கும் அடுத்தவர், வண்டியை விற்கும்போது அலாய் வீல்களைக் கழற்றி வைத்துக்கொண்டு, கைக்கு அகப்பட்ட இரும்பு ரிம்களை மாட்டிக் கொடுக்கிறார். மூன்று நான்கு கை மாறி உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்து சேரும்போது, யார் யார் எங்கெங்கே சிக்கனம் பிடித்தார்கள் என்பது சக்கரங்களில் தெரிகிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டம் ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் பகுதி. கல்குவாரிகளும் கிரஷர்களும் உண்டு. நிறைந்த பாரத்தோடு போகும் கல் லாரிகள் சாலை ஓரங்களை உடைத்துவிடுகின்றன. அவற்றிலிருந்து சிந்தும் கூர்ஜல்லி டயரின் பக்கவாட்டைக் கிழிக்கிறது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வந்தவாசி என்று பிரியும் சாலைகளில் இருக்கும் பஞ்சர் கடைகளுக்கு டிராக்டர், லாரி, மோட்டார் சைக்கிள், கார் எல்லாம் ஒரே வரிசையில்தான் வருகின்றன. இதே காஞ்சிபுரம் மாவட்டத்தின் இருங்காட்டுக்கோட்டையில்தான் ஹூண்டாய் 1998இல் சான்ட்ரோவைத் தயாரிக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் அப்போலோ, திருப்பெரும்புதூர்ப் பகுதியில் ஜே.கே. டயர், சியட் என டயர் ஆலைகளும் இங்கேயே உள்ளன. காரும் டயரும் பிறக்கும் மாவட்டத்திலேயே, பொருந்தாத டயரோடு ஓடும் கார்கள் இத்தனை இருப்பது கவலைக்குரியது.

இப்பகுதிப் பட்டறை ஒன்றில் ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்தப்பட்டிருந்த ஒரு சான்ட்ரோ சிங் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முன்பக்க இடது சக்கரத்தில் 155/70 ஆர் 13. வலதில் 155/80 ஆர் 13. பின்பக்க இடதில் இரும்பு ரிம், ட்யூப்லெஸ் டயருக்குள் ட்யூப். பின்பக்க வலதில் ஹோண்டா வண்டியிலிருந்து கழற்றிய 14 அங்குல அலாய், அதில் 175/65 டயர். உரிமையாளரின் புகார் ஒன்றே ஒன்று: பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது.

இத்தகைய வண்டியைச் சீர்செய்யத் தொடங்க வேண்டிய இடம், ஓட்டுநர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாள். டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். தாள் உரிந்துபோயிருந்தால் வண்டியோடு வந்த கையேட்டைப் பார்க்க வேண்டும். இப்போது மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து அளவைத் தீர்மானிப்பது தவறு. பழைய தவறையே அது புது டயரில் மறுபடி வாங்கித் தரும்.

155/70 ஆர் 13 என்பதில் 155 டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கவாட்டின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. ஆர் என்பது ரேடியல். 13 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். முதல் எண்ணும் கடைசி எண்ணும் ஒன்றாக இருந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். கெடுதல் நடு எண்ணில் இருக்கிறது. 155/70 டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 547 மி.மீ.; 155/80 டயருக்கு 578 மி.மீ. வெறும் 31 மி.மீ. வேறுபாடு, பக்கத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்குப் பிடிபடாது. ஆனால் ஒரு சுற்றுக்குச் சிறிய டயர் கடப்பது 1,719 மி.மீ., பெரியது கடப்பது 1,816 மி.மீ. ஒரு கிலோமீட்டர் போக, சிறியது பெரியதைவிட 31 சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும். காஞ்சிபுரம் வரை சுமார் 30 கிலோமீட்டர் போய்ச் சேர்வதற்குள் இந்த வேறுபாடு 900 சுற்றைத் தாண்டிவிடும்.

சான்ட்ரோ முன்சக்கரங்களால் இழுக்கப்படும் வண்டி. இரு முன்சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுற்ற இடம் தருவது கியர் பெட்டிக்குள் இருக்கும் டிஃபரன்ஷியல். வளைவுகளில் மட்டும் வேலை செய்ய வேண்டிய அதன் சிறு பல்சக்கரங்கள், அளவு மாறிய டயர்களால் நேர்ச் சாலையிலும் ஓயாமல் சுழல்கின்றன; சூடேறுகின்றன; தேய்கின்றன. பிரேக் இழுப்புக்கும் டயர்களின் இந்த அளவு வேறுபாடே காரணம். இரு பக்கமும் பிரேக் பிடிப்பது ஒரே விசையோடுதான். ஆனால் சிறிய டயரின் ஆரம் குறைவு என்பதால் சாலையில் அதன் பிடிப்பு கூடுகிறது, வண்டி அந்தப் பக்கம் திரும்புகிறது. பிரேக் ஷூவையும் பேடையும் எத்தனை முறை மாற்றினாலும் இந்த இழுப்பு நிற்காது. ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளில், சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டு முடிவெடுக்கும் கருவியே குழம்பும்.

இரு முன்டயர்களும் பெரிதாகிவிட்டால் இழுப்பு இருக்காது. வேறொரு சிக்கல் வரும். மீட்டர் முள் 60இல் நிற்கும்போது வண்டி உண்மையில் 63ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

டயருக்கு முன் ரிம்மைச் சரிபார்ப்பதே முறை. ரிம் பொருந்தாவிட்டால் அதன்மேல் ஏறும் நல்ல டயரும் வீண். ரிம் பொருத்தம் நட்டுத் துளைகளில் தொடங்குகிறது. துளைகளின் மையங்கள் வழியே ஒரு வட்டம் வரைந்தால் கிடைக்கும் விட்டத்தைப் பி.சி.டி. என்கிறார்கள். நான்கு துளை ரிம்மில் ஒரு துளையின் வெளிவிளிம்பிலிருந்து எதிர்த் துளையின் உள்விளிம்பு வரை அளந்தால் அந்த எண் வந்துவிடும். ஐந்து துளை ரிம்மில் எதிரெதிர்த் துளை இல்லை. அடுத்தடுத்த இரு துளைகளின் மையத் தூரத்தை 0.588ஆல் வகுக்க வேண்டும். சான்ட்ரோ, ஐ10, ஸ்விஃப்ட், எட்டியோஸ் ஆகியவற்றுக்கு 4 துளை, 100 மி.மீ. ஃபியட் பாலியோவுக்கு 4 துளை, 98 மி.மீ. ஆபத்து இந்த 2 மி.மீ.யில்தான் ஒளிந்திருக்கிறது. 98 ரிம், 100 மி.மீ. ஹப்பில் வம்படியாக ஏறிவிடும், நட்டுகளும் இறுகிவிடும். ஆனால் ஒரு நட்டு மட்டுமே தன் இருக்கையில் சரியாக அமர்ந்திருக்கும், மற்றவை சாய்வாகக் கடித்துக்கொண்டு நிற்கும். ஓட ஓட அவை தளரும்.

ரிம்மின் நடுத்துளையும் பொருந்த வேண்டும். ஹூண்டாய், மாருதி ஹப்புகளில் இது 54.1 மி.மீ.; ஹோண்டாவில் 56.1. மேற்சொன்ன சான்ட்ரோவில் ஹோண்டா அலாய் தளர்வாக நின்றதற்கு இந்த இடைவெளி காரணம். சக்கரம் மையம் தவறிச் சுழன்றால், வேகம் கூடும்போது வண்டி நடுங்கும். பேலன்சிங் செய்தும் நடுக்கம் போகாது. இடைவெளியை நிரப்ப மெல்லிய வளையங்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றைப் போட்டாலும் 14 அங்குல ரிம் ஒன்று மட்டும் 13 அங்குல ரிம்களோடு ஓடுவது சரியாகாது.

ரிம்மின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் அது ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம் ஆஃப்செட். அது குறைந்தால் டயர் வெளியே துருத்தி மட்கார்டில் உரசும், வீல் பேரிங்கின் சுமை கூடும். அதிகமானால் உள்ளே ஷாக் அப்சார்பரில் இடிக்கும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, பின்னிருக்கையில் ஆளை ஏற்றிப் பார்த்தால் உரசல் தெரிந்துவிடும்.

நட்டுகளை யாரும் பொருட்படுத்துவதில்லை, பொருட்படுத்த வேண்டும். மாருதி நட்டின் மரை 1.25 மி.மீ. இடைவெளி கொண்டது, ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டா நட்டுகளின் மரை 1.5 மி.மீ. இரண்டுக்கும் மரையின் விட்டம் 12 மி.மீ.தான் என்பதால் டப்பாவில் கலந்து கிடக்கும்போது அடையாளம் தெரியாது. மாருதி நட்டை ஹூண்டாய் ஸ்டட்டில் வைத்துப் பலம் கொண்டு திருகினால் இரண்டு சுற்று ஏறி மரை அழியும். ஹோண்டா நிறுவன ரிம்களின் நட்டு இருக்கை உருண்டையானது. பிற வண்டிகள் பலவற்றின் நட்டு முனை கூம்பு வடிவம். ஒன்றுக்கு மற்றொன்று உட்காராது. கையால் மூன்று நான்கு சுற்றாவது தடையின்றி ஏறிய பிறகே ஸ்பானரை எடுப்பது நல்ல தொழிலாளியின் வழக்கம்.

நெளிந்த ரிம்மைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ரிம் விளிம்புக்கு அருகே ஒரு சாக்குக் கட்டியை அசையாமல் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டால், மேடான இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழும். இரும்பு ரிம்மில் சிறு நெளிவு என்றால் பெண்டு எடுக்கலாம். விரிசல் விட்ட அலாயைப் பற்றவைத்து ஓட்டுவது ஆட்களின் உயிரோடு விளையாடுவது. துருப்பிடித்த ரிம்மில் காற்று இறங்குகிறது என்று உள்ளே ட்யூபைத் திணிப்பதும் தீர்வாகாது. விளிம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்வதோ ரிம்மையே மாற்றுவதோதான் தீர்வு.

டயரின் முகத்தைப் படிப்பதில் இந்த ஊர்த் தொழிலாளிகளுக்கு இணையில்லை. விரலைக் குறுக்கே ஓட்டியே, உள்பக்கம் சாப்பிடுகிறது, வெளிப்பக்கம் சாப்பிடுகிறது என்று சொல்லிவிடுகிறார்கள். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது. திட்டுத் திட்டாகக் குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. டிராக்டரிலிருந்து ஸ்கூட்டி வரை எல்லாவற்றையும் கழற்றி மாட்டும் கைகளுக்கு மட்டுமே வரும் அறிவு இது. எந்தப் பயிற்சிப் பள்ளியும் இதைச் சான்றிதழில் எழுதிக் கொடுப்பதில்லை.

அதே கைகள் தவறும் இடமும் உண்டு. சக்கர நட்டை ஸ்பானர்மேல் காலை வைத்து ஏறி மிதித்து இறுக்குகிறார்கள். சான்ட்ரோவுக்குத் தேவை 9 முதல் 11 கிலோகிராம் மீட்டர் முறுக்கு மட்டுமே. மிதித்தால் ஸ்டட் நீண்டு வலுவிழக்கும்; நடுச்சாலையில் பஞ்சரானால் வீட்டுப் பெண்களோ வயதானவர்களோ அந்த நட்டைக் கழற்றவே முடியாது. அளவு காட்டும் டார்க் ஸ்பானர் ஒன்றை ஒவ்வொரு பட்டறையும் வாங்கி வைக்க வேண்டும்.

டயரின் வயதையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் உள்ள நீள்வட்டக் கட்டத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன், அதாவது டயர் முகத்தின் புடைப்பு வரி, நிறைய இருந்தாலும் பத்து ஆண்டு தாண்டிய டயரைக் கழற்றிவிட வேண்டும். ஐந்து ஆண்டுக்குமேல் ஆண்டுக்கொரு முறை வெடிப்பு பார்க்க வேண்டும். அதிகம் ஓடாமல் வெயிலில் நின்ற வண்டியின் டயர் பார்க்கப் புதிதாக இருக்கும், ரப்பர் இறுகிப்போயிருக்கும். கார்களுக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பட்டன் ஆழம் 1.6 மி.மீ. பள்ளங்களுக்குள் தெரியும் சிறு மேடுகளின் மட்டத்துக்கு மேற்பரப்பு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. 15 ஆண்டு கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போதும் டயரின் நிலை பார்க்கப்படும்.

நான்கையும் ஒரேயடியாக மாற்றப் பணம் இல்லாத வீடுகளே இங்கு அதிகம். அவர்களுக்கு ஏற்ற வரிசை இது: முதலில் நான்கு ரிம்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது. பிறகு அச்சுக்கு அச்சு, ஜோடி ஜோடியாக டயரை மாற்றுவது. ஒரே அச்சில் இருக்கும் இரண்டும் ஒரே அளவு, ஒரே தயாரிப்பு, ஒரே பட்டன் வடிவம், ஏறத்தாழ ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். சுமை எண்ணும் வேகக் குறியும் கையேட்டில் உள்ளதைவிடக் குறையக்கூடாது. சுமை எண் 75 என்றால் ஒரு டயருக்கு 387 கிலோ. நெல் மூட்டைகளையும் காரில் ஏற்றும் ஊரில் இந்த எண்ணை விட்டுக்கொடுக்க முடியாது. சுழல் திசை அம்புக்குறி உள்ள டயரைத் திசை மாற்றி மாட்டினால் மழைநீரை அது சரியாக வெளியே தள்ளாது.

இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் முன்னால் போடுங்கள் என்பார்கள் பட்டறைகளில். இழுக்கும் சக்கரம் அதுதானே என்பது அவர்கள் வாதம். டயர் நிறுவனங்கள் சொல்வது நேர்மாறு: நல்ல ஜோடி பின்னால். முன்டயர் வழுக்கினால் வேகத்தைக் குறைத்தால் பிடிப்பு திரும்பும். பின்டயர் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. வடகிழக்குப் பருவமழையில் ஏரிக்கரைச் சாலை வளைவுகளில் ஓட்டுகிறவர்களுக்கு இரண்டாவது யோசனையே ஏற்றது.

டயர் ஏறியபின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பேலன்சிங், முழு வண்டிக்கும் அலைன்மென்ட். சிறு பட்டறைகளில் இதற்கான இயந்திரம் இல்லையென்றால் காஞ்சிபுரமோ செங்கல்பட்டோ போய்த்தான் ஆக வேண்டும். இந்தச் செலவை மிச்சம் பிடித்தால் புது டயரே ஒரு பக்கமாகத் தேய்ந்துபோகும். 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி சரிபார்க்க வேண்டும். கழற்றியவற்றில் சரியான அளவும் பட்டனும் உள்ள ஒன்று ஸ்டெப்னியாகலாம், காற்று நிறைத்து.

மிச்சமுள்ளவை கடை வாசலில் குவிகின்றன. மழைநீர் தேங்கினால் டெங்குக் கொசு அவற்றில் முட்டையிடும். பயன்பாடு முடிந்த டயர்களை மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2022இல் வந்த மத்திய அரசு விதிகள் தயாரிப்பு நிறுவனங்கள்மேல் வைத்துள்ளன. இன்னும் காற்று நிற்கும் ஒரு டயர், குறைந்த விலைக்கு வேறொரு காரில் ஏறுவதும் இந்தக் குவியலிலிருந்துதான். வயது முடிந்த டயரின் பக்கவாட்டைக் கத்தியால் நீளக் கீறிவிட்டு எடைக்குப் போட்டால், அது மறுபடி எந்தச் சக்கரத்திலும் ஏறாது.